மூன்று மணி நடை

பிசியோதெரபி பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொள்வது.

போன மாதம் உங்களில் ஒருத்தி காளிகாட்டில் என் வீட்டுக்கு வந்தாள். வயதானவள் என்று அன்பாகத்தான் என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். நான் அவள் கையை உதறிவிட்டேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள். அதற்குக் காரணம் சொல்லாமல் விடுவது முறையில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கையில் பட்டம் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக முடிக்கவில்லை. கோடு போட்ட நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள். கல்கத்தாவிலேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். படிக்க வருகிறவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

அந்தப் பகுதியில் முப்பத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாதம், கணுக்கால், முழங்கால் என்று உடைந்து வந்தவர்கள் முதல் தடவை கட்டிலை விட்டு இறங்கும்போது அக்குளில் கை கொடுத்தவள் நான். டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு அது புரியாது. நான் காதால் பார்ப்பேன். வராந்தாவில் துண்டு மடித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்து போனால், "இடது கணுக்கால், குதிகாலை ஊன்றப் பயம்" என்று திரும்பாமலே சொல்வேன். ஒரு நாளும் தப்பியதில்லை. பெரிய டாக்டரே ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்தவர்களை அழைத்து வந்து என் பின்னால் நிற்க வைத்து வேடிக்கை காட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

எங்கள் பகுதிக்கு ஒரு வங்காளிப் பெண் பிசியோதெரபிஸ்டாக வந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் நான் அவளைத் திதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் என்னை மாஷி, அதாவது சித்தி, என்பாள். வந்த வாரமே எனக்கு ஒரு பாடம் சொன்னாள்.

"பாயே பா மிலியோ நா, மாஷி." நோயாளியின் காலோடு உன் காலைச் சேர்க்காதே என்று அர்த்தம். "பக்கத்துல நிக்காத. அடிபட்ட கால் பக்கமா, அரை அடி பின்னால நில்லு. அவங்க நடை அவங்களோடது, உன் நடை உன்னோடது."

நான் சரி சரி என்று தலையாட்டினேன். நேற்று வந்தவள் எனக்கு நடக்கச் சொல்லித் தருகிறாளா என்று உள்ளே சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ராமலிங்கம் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினத்துக்காரர். பெஹாலாவில் மாடி வீட்டில் அவரும் மனைவி விசாலமும் மட்டும் இருந்தார்கள். பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லு இரண்டாகப் போயிற்று. கம்பி வைத்துக் கட்டி, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் மனுஷன் காலை ஊன்றமாட்டேன் என்றார். இரண்டு பக்கமும் கம்பிப் பிடி இருக்கிறது, நான் இருக்கிறேன், திதி இருக்கிறாள். வலது கால் மட்டும் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே தொங்கும்.

"சார், அம்பதடி உயரத்துல ஒக்காந்து இரும்பைத் தூக்கினவரு. அரை அடி தரைக்கா பயப்படுறீங்க?" என்று கேட்டேன்.

"சிஸ்டர், அங்க நான் ஒக்காந்துதான் இருந்தேன்" என்றார்.

ஆம், அவர் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள். விசாலம் என்னை அக்கா என்பாள்.

ஒரு நாள் விசாலம் கம்பிக்கு வெளியே, அவருக்கு வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு வாக்கில் தன் வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவர் கால் தானாக இறங்கி அவள் காலுக்கு நேராக ஊன்றியது. அவருக்கே தெரியவில்லை. அவள் அடுத்த காலை வைத்தாள், அவரும் வைத்தார். எனக்குப் புல்லரித்தது. திதிக்குத் தெரியாத வித்தை ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"விசாலம், வீட்டுலயும் இப்படியே செய். தினமும் மூணு மணிக்கு. அவரு கால் எப்படி வைக்கிறாரோ அதே மாதிரி நீயும் வை. ஒரு இம்மி பிசகக் கூடாது."

அவள் சொன்னதைச் செய்கிறவள். செய்ததற்கு மேலும் செய்தாள். கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் போடுவோமே, அது போல அரிசி மாவில் கதவிலிருந்து ஜன்னல் வரை சிவப்பு சிமெண்ட் தரையில் பாதம் பாதமாகப் போட்டாள். இரண்டு வரிசை. ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. அவர் வலது எட்டு குட்டையாக இருக்கும். அவள் தன் வரிசையிலும் வலது எட்டைக் குட்டையாகவே போட்டிருந்தாள். நான் வாரம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். தடி வைத்தால் 'டக்', வலது கால் தேய்ந்தால் 'சர்ர்', இடது கால் விழுந்தால் 'தொம்'. ஏழாவது எட்டில் பக்கச் சுவர் ஜன்னல் வரும். அங்கே ஒரு மூச்சு நின்று வெளியே பார்ப்பார்.

"மேலேருந்தே பாத்துப் பழகின கண்ணு சிஸ்டர். ஜன்னலைத் தாண்ட மாட்டேங்குது" என்பார்.

பக்கத்தில் விசாலமும் நிற்பாள். தலையை அவர் சாய்க்கும் பக்கம் சாய்ப்பாள்.

அந்த நடையை என் போனில் படம் பிடித்துப் போய்த் திதியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் அவரைப் பார்க்கவில்லை. விசாலத்தைப் பார்த்தாள்.

"மாஷி, இதுல நோயாளி யாரு?"

"என்ன திதி, கிண்டலா?"

"இல்ல. கேக்குறேன்."

எனக்குக் கோபம் வந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். ஐந்து மாதம் அப்படியே நடந்தார்கள். அவர் படியிறங்கி பஜார் வரை போகும் அளவுக்குத் தேறினார். நொண்டல் மட்டும் போகவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நடக்காதவரை நடக்க வைத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அவர் மார்வலி வந்து போய்விட்டார். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நானும் போய் விசாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

துர்க்கா பூஜை முடிந்த வாரம், அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் வங்காளி அம்மாளிடமிருந்து போன் வந்தது. பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம்.

"மாஷி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. மாடியில மேஷோ நடக்குறாரு."

"எந்த மேஷோ?" சித்தப்பா முறைக்காரரை எல்லாம் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"எத்தனை மேஷோ இருக்காங்க? செத்துப் போனாரே, அவருதான்."

நான் திட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் போனேன். பௌதி என்னை மேலே போக விடவில்லை. கீழே கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். "மூணு மணி வரைக்கும் சும்மா இருங்க" என்றாள். நல்ல வெயில். தெருவில் ஆட்டோ சத்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

டக். சர்ர். தொம்.

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். டக், சர்ர், தொம். நான் எண்ணினேன். ஏழாவது எட்டில் சத்தம் நின்றது. ஒரு மூச்சு. மறுபடி ஆரம்பித்தது.

பிள்ளைகளே, என் காதைப் பற்றி முன்னமே சொல்லிவிட்டேன். ஆயிரம் நொண்டலில் ஒரு நொண்டலைப் பிரித்துச் சொல்கிற காது இது. அது அவர் நடைதான். அவர் மாதிரியான நடை அல்ல. அவர் நடை.

"ஓஜாவைக் கூட்டிட்டு வரவா?" என்று பௌதி கேட்டாள். மந்திரிக்கிறவரைச் சொல்கிறாள்.

"மொதல்ல நான் போறேன். அப்புறம் ஓஜா" என்றேன்.

மாடிக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். விசாலம் முதுகைக் காட்டி ஜன்னலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். இடது கையில் அவருடைய தடி. அவள் அவரைவிட ஒரு தலை குள்ளம், அதனால் தடிக்குத் தோள் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கல் மட்டும்தான் அவளுடையது. வலது முழங்கால் மடங்கவில்லை. தரையில் அரிசி மாவுப் பாதங்கள். ஒரே ஒரு வரிசை. அவள் வரிசையைக் காணோம். அவருடையது மட்டும்தான் இருந்தது.

ஜன்னலில் ஒரு மூச்சு நின்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"லேட்டு, சிஸ்டர்" என்றாள்.

இதுவரை அவள் என்னை ஒரு நாளும் சிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஓடவில்லை. தெரியாத இடத்தில் தெரிந்த வேலையைச் செய்வது என் வழக்கம். "உக்காரு, காலைக் காட்டு" என்றேன். உட்கார்ந்தாள். முழங்காலை மடக்கினேன், நன்றாக மடங்கியது. வீக்கம் இல்லை, வலி இல்லை. தொடையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் திக்கென்றது. வலது தொடைச் சதை இடதைவிட இளைத்துத் தொளதொள என்றிருந்தது. உடைந்து கட்டிலில் கிடந்தவன் தொடை எப்படி இருக்குமோ அப்படி. உடையாத காலுக்கு.

"எப்பலேருந்து விசாலம்?"

"என்ன அக்கா, எப்பலேருந்து?" அக்கா என்றாள். மூச்சு விட்டேன்.

"இந்த நொண்டல்."

அவள் புடவையை இழுத்து முழங்காலை மூடினாள். "எனக்குத் தெரியாது அக்கா. காரியம் முடிஞ்ச மறுநாள் மூணு மணிக்கு எந்திரிச்சேன். கால் இப்படித்தான் போச்சு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை எடுத்துடாதீங்க. அவரு போட்டோவுல இல்ல, துணிமணியில இல்ல. இதுல மட்டுந்தான் இருக்காரு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா? "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவள் வழக்கப்படி என்னை வழியனுப்பப் படி வரை வந்தாள். நான் இரண்டு படி இறங்கி, ஏதோ சொல்லத் திரும்பினேன். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் அதே போல வலது காலைக் கீழே வைத்தாள். அந்த இளைத்த தொடை தாங்கவில்லை. முழங்கால் முன்பக்கமாக ஒடிந்து அவள் அப்படியே என் மேல் வந்தாள். கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, மற்ற கையால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். தடி மட்டும் படிப்படியாகத் தட்டிக்கொண்டே கீழே போய் பௌதியின் வாசலில் கிடந்தது. அவர் விழுந்ததும் அதே படிகளில்தான்.

அன்றே முடிவு செய்தேன். அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. ஆனால் இன்னொரு தடவை அவள் விழும்போது கீழ்ப்படியில் நான் இருக்கமாட்டேன்.

திதியிடம் எல்லாம் சொன்னேன். விசாலத்தை வரவழைத்து எக்ஸ்ரே எடுக்க வைத்தாள், சுத்தமாக இருந்தது. பழைய வீடியோவையும், அன்று விசாலத்தை நடக்க விட்டு எடுத்த வீடியோவையும் இரண்டு போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டாள். சத்தம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தது. திதி இரண்டையும் அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவளை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

"தொடைக்குப் பயிற்சி நான் பாத்துக்குறேன். நடையை நீ பாரு மாஷி. ஆனா பக்கத்துல நடக்காத" என்றாள்.

தொடைக்கு என்ன செய்தாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நடைக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மாவைத் துடைக்க வேண்டும். விசாலம் துணியைத் தொடமாட்டேன் என்றாள். நான் துடைக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஒரு பேசினில் தண்ணீர் வைத்தேன். என் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்தேன்.

"காயறதுக்குள்ள இதுல கால் வெச்சு வா."

"மாவுலயே போடலாமே அக்கா."

"மாவு நிக்கும். இது நிக்காது. நிக்காததுதான் நமக்கு வேணும்."

முதல் நாள் அவளால் என் தடத்தில் கால் வைக்கவே முடியவில்லை. என் வலது எட்டு நீளம், அவள் கால் எட்டவில்லை. அங்கேதான் நான் மறுபடி என் வித்தையைக் காட்டினேன். அவளுக்கு எட்டும்படி நானும் வலது காலைக் குட்டையாக வைத்து, அவர் போலவே இழுத்து நடந்தேன். ஏழாவது எட்டில் நின்றேன். அவள் அழகாகப் பின்னால் வந்தாள். மறுநாள் அதே நடையில் ஒரு விரல் நீட்டி வைத்தேன். அதற்கு மறுநாள் இன்னொரு விரல். ஜன்னலில் நிற்பதை ஒரு மூச்சிலிருந்து அரை மூச்சாக்கினேன். இப்படி அவரை அவள் காலிலிருந்து விரல் விரலாக எடுத்தேன். திதியிடம் இதைச் சொல்லவில்லை. கேட்டால் திட்டுவாள்.

ஏழு வாரம் ஆயிற்று. ஒரு நாள் மூன்று மணிக்கு விசாலம் தடியில்லாமல் நேராக நடந்து வந்து, ஜன்னலைத் தாண்டி, எதிர்ச் சுவரைத் தொட்டாள். தொட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்பித் தரையைப் பார்த்தாள். ஈரத் தடங்கள் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் காய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா அக்கா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

"அவரு எங்க போனாரு?"

பேசின் தண்ணீரைக் கொட்டப் போனேன். இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். தானே பஸ் ஏறி லேக் மார்க்கெட் போய்க் காபித்தூள் வாங்கி வருகிறாள். பௌதி வீட்டில் மூன்று மணிக்கு எல்லோரும் தூங்குகிறார்கள்.

நான் ஓய்வு பெற்றேன். என் வீட்டில் குளியலறையிலிருந்து சமையல்கட்டு வரை பத்து எட்டு இருக்கும். சிமெண்ட் தரைதான். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் எதற்கோ திரும்பிப் பார்த்தேன். தரையில் என் ஈரத் தடம். இடது எட்டு நீளம். வலது எட்டு குட்டை. வலது குதிகால் பதியவே இல்லை, முன்பாதம் மட்டும் இழுபட்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்த இடத்தில் ஜன்னல் கிடையாது, வெறும் சுவர். எண்ணிப் பார்த்தேன். ஏழு.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது. திதி தொடைக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறேன். வலியில்லை. தடி வாங்கமாட்டேன். பயமா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. கெட்ட மனுஷர் இல்லை அவர். என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டவர்.

ஆனால் இதை இன்னொருத்தரிடம் கொடுக்கமாட்டேன். அதனால் அடிபட்ட கால் பக்கமாக நில்லுங்கள். அரை அடி பின்னால் நில்லுங்கள். அவர்கள் அழுதாலும், பயந்தாலும், உங்கள் மனசு இளகினாலும் கையைக் கொடுங்கள், எட்டைக் கொடுக்காதீர்கள். பாயே பா மிலியோ நா. எனக்கு முதலிலேயே சொல்லப்பட்டது. சொன்னவள் சின்னவள் என்று நான் கேட்கவில்லை.

இனி அந்தப் பெண்ணுக்கு. அம்மா, நீ என் கையைக் கோத்துக்கொண்டு வாசலிலிருந்து கூடம் வரை பேசிக்கொண்டே வந்தாய். நீ நல்ல பெண், நோயாளிக்குத் தகுந்தபடி நடையைக் குறைக்கத் தெரிந்தவள். ஏழாவது எட்டில் நான் நின்றேன். நீயும் நின்றாய். நான் தலையைச் சாய்த்த பக்கம் நீயும் சாய்த்தாய். அப்போதுதான் உதறினேன்.

நீ கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனபோது கதவுக்குப் பின்னால் நின்று உன் செருப்புச் சத்தத்தைக் கேட்டேன். திருப்பம் வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆட்டோ வந்து சத்தத்தை மூடிவிட்டது.

வீட்டில் காலை நனைத்துக்கொண்டு ஒரு பத்து எட்டு நடந்து பார். திரும்பிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.